பெயருக்குப் பக்கத்தில் ஓர் ஆண்டு

மகள் கம்சிகா கட்டப்போகிற பிரையன் ஐரிஷ்காரன் என்பதுகூடக் குகதாசனுக்குப் பெரிதாகப் படவில்லை. அவனுடைய பரம்பரையே பட்டாளத்து அதிகாரிகள் என்பதுதான் அவருக்குத் தொண்டையில் சிக்கியது.

"நாங்கள் ஆமிக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். நீ ஆமிக்காரன்ர வீட்டுக்கே மருமகளாப் போறாய்?" என்று கேட்டார்.

ஆனால் பிரையனின் தகப்பன் டெஸ்மண்ட் கில்மோர் ஆமிக்காரர் அல்ல, ஓய்வுபெற்ற புரட்டஸ்தாந்துப் பாதிரியார். மூத்தவன் பட்டாளத்துக்கு, இளையவன் தேவாலயத்துக்கு என்பது அந்தக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். இவர் இளையவர். கல்யாணத்தன்று சப்பாத்தைக் கழற்றிவிட்டு, பெருவிரல் எட்டிப் பார்க்கிற காலுறையோடு மணவறைக்குப் பக்கத்தில் கூச்சப்பட்டு நின்ற அந்த நெடிய மனிதரைப் பார்த்ததும் குகதாசனின் கோபம் இளகிவிட்டது.

பேத்தி பிறந்த பிறகு டெஸ்மண்ட் தங்கள் வம்ச வரலாற்றைப் புத்தகமாக அச்சடிக்க முனைந்தார். குழந்தையின் தாய்வழியும் அதில் வரவேண்டும் என்பது அவர் பிடிவாதம். அதற்காக ஒரு சனிக்கிழமை பின்னேரம் லண்டன் லூயிஷாமில் குகதாசன் வீட்டுக்கு வந்தார். குழந்தையை மடியில் வைத்தபடி கம்சிகா நடுவில் இருந்து மொழிபெயர்த்தாள்.

சாப்பாட்டு மேசையை மூடும் அளவுக்கு ஒரு தாளை அவர் விரித்தார். அயர்லாந்தில் கோர்க் பக்கத்துக் கிராமத்தில் போதகராயிருந்தவர், இந்தியாவில் காய்ச்சலில் செத்த அவர் மகன் கப்டன், அந்தக் கப்டனின் மகன் மறுபடி போதகர் என்று கிளை கிளையாக இறங்கி வந்தது அந்த வம்சம். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு. குகதாசனுக்குத் தன் பாட்டன் எந்த ஆண்டு செத்தார் என்பதே தெரியாது. தெரிந்தவர்களும் போய்விட்டார்கள். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து குடும்பத்துக் காகிதங்களும் போய்விட்டன. தெரிந்த பெயர்களை அவர் சொல்லச் சொல்ல டெஸ்மண்ட் எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதினார்.

பிறகு, "கம்சிகாவுக்கு ஓர் அண்ணன் இருந்தார் அல்லவா?" என்று மெல்லக் கேட்டார்.

கம்சிகா மொழிபெயர்க்கவில்லை. ஆனாலும் தேத்தண்ணியோடு வந்த குகதாசனின் மனைவி தவமலருக்கு அது விளங்கிவிட்டது.

"இருக்கிறான்," என்றாள். "சுஜீத். பிறந்தது எண்பத்தெட்டு. எழுதச் சொல்லு பிள்ளை."

குகதாசன் முதலில் தனியாகத்தான் லண்டனுக்கு வந்தார். அவருடைய அகதி வழக்கு முடிந்து குடும்பத்தைக் கூப்பிட வழி பிறந்தபோது சுஜீத்துக்கு வயது பதினெட்டைக் கடந்திருந்ததால் அவனுக்கு விசா கிடைக்கவில்லை. தாயும் தங்கையும் விமானம் ஏறினார்கள். அவன் சின்னம்மாவோடு வன்னியில் தங்கினான். போர் முடிந்த நாட்களில், ஆமி பொடியன்களை ஏற்றிக்கொண்டு போன பஸ் ஒன்றின் யன்னலோரம் அவன் இருந்ததைச் சின்னம்மா கண்டாள். அதோடு சரி. அதற்குப் பிறகு அவனைக் கண்டவர் இல்லை.

தவமலர் ஒவ்வொரு தீபாவளிக்கும் அவனுக்கு உடுக்க ஒரு சேட் வாங்குவாள். சில வருடங்களுக்கு முன் ஓர் அளவு கூட்டி எடுத்தாள். "வயசு போகுதெல்லே, இப்ப கொஞ்சம் வயிறு வைச்சிருப்பான்," என்றாள். குகதாசன் காசு கொடுத்தார்.

டெஸ்மண்ட் எழுதுகோலைக் கீழே வைத்தார். இறந்த ஆண்டு போடாவிட்டால் உயிரோடிருப்பவர் என்றுதான் வாசிப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்றார். கம்சிகா தயங்கித் தயங்கி அதைச் சொன்னாள்.

"ஓம். அப்பிடித்தான் எடுக்க வேணும்," என்றாள் தவமலர்.

அன்று சம்பந்தியை ரயிலடிவரை கூட்டிக்கொண்டு போனது குகதாசன். சந்தைக்காரர்கள் கடையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நடைபாதை முழுக்க நசிந்த தக்காளி. நிலைய வாசலில் குகதாசன் நின்றார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார்:

"இரண்டாயிரத்து ஒன்பது என்று போடுங்கள்."

அந்த ஆண்டை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். டெஸ்மண்ட் அவர் முழங்கையைத் தாங்கினார்.

"என் பாட்டனாரின் அண்ணன் ஒருவர், ஜெரால்ட். முதல் உலகப்போரில் பிரான்சில் காணாமல் போனவர். உடல் கிடைக்கவில்லை. அவருடைய தாய் சாகும்வரை துக்கத்துக்குரிய கறுப்பை உடுத்தவில்லை. தாயைக் கேட்காமலே பாட்டனார் ஆண்டை எழுதிவிட்டார். அது சரியா பிழையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது," என்று விளங்கும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னார் டெஸ்மண்ட். "நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்."

"யோசித்துவிட்டேன்."

குளிர்காலத்தில் புத்தகம் வந்தது. தவமலருக்கு ஆங்கிலம் வாசிக்க நேரமெடுக்கும். எண்களை வாசிக்க நேரமெடுக்கவில்லை. மகனின் பெயருக்குப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"இதை ஆர் சொன்னது?"

"நான்தான்."

அவள் கத்தவில்லை. தலையணையை எடுத்துக்கொண்டு கம்சிகாவின் பழைய அறைக்குப் போனாள். சமைத்தாள், மேசையில் வைத்தாள், பேசவில்லை. கோயிலுக்கும் தனியாகப் போய் வந்தாள். கம்சிகா ஓடி வந்து இருவரிடமும் மாறி மாறிக் கெஞ்சிப் பார்த்தாள். டெஸ்மண்ட் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டார். "உங்களில் பிழையில்லை," என்று மட்டும் சொல்லித் தவமலர் போனை வைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குகதாசன் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவள் வந்து எதிரே இருந்தாள்.

"எப்ப இருந்து அப்பிடி நினைக்கிறியள்?"

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "பஸ்ஸில கண்டதெண்டு உன்ர தங்கச்சி சொன்னாளெல்லே. அண்டைக்கே."

"அண்டைக்கே?"

"ஓம்."

"அப்ப நான் சேட் எடுக்கேக்க…?"

"என்னெண்டு சொல்லுறது, தவம்? உனக்கு அவன் இருந்தான். அதைப் பறிக்க எனக்கு ஏலாமல் கிடந்தது."

இத்தனை வருடமாக வேலைக்குப் போய், வந்து, செய்தி பார்த்து, சிரித்த அந்த மனிதர் ஒரு செத்தவீட்டைத் தனியே நடத்திக்கொண்டிருந்திருக்கிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"எங்க வைச்சு அழுதனீங்கள்?"

"வேலைக்குப் போற பஸ்ஸில."

அவள் கதிரையை இழுத்து அவர் பக்கத்தில் போட்டாள்.

"எனக்கு அவன் சாகேல்லை. சொல்லிப்போட்டன், அதில மாற்றமில்லை," என்றாள். "ஆனா நீங்கள் இனி வீட்டிலயே அழலாம்."

குகதாசன் மேசையில் தலையைக் கவிழ்த்தார். தவமலரின் கை அவர் முதுகில் கிடந்தது. அவள் அழவில்லை.