மொட்டைமாடியில் நின்றுபோன ஸ்வரம்

மகளிர் கரோக்கி மன்றத்தின் அரங்கில், மேடைக்கு இடப்பக்கம், நாலாவது மின்விசிறியை ஒட்டினாற்போல, ஒரு பெண்ணின் உச்ச ஸ்வரம் பத்து வருடமாக நின்றுகொண்டிருக்கிறது. விசிறியை மூன்றுக்கு மேல் வைத்தால் லேசாக நடுங்கும். மற்றபடி தொந்தரவு இல்லை. மழை நாட்களில் கொஞ்சம் கனத்துக் கேட்கும் என்பாள் அங்கே கூட்டிப் பெருக்குகிற அம்மாள். அந்தப் பக்கம் ஒட்டடை அடிக்கும்போது மட்டும் அவள் கொம்பின் நுனியில் துணியைச் சுற்றிக்கொள்வாள். அந்த ஸ்வரம் பல் டாக்டரின் தங்கையுடையது. அது அங்கே போய் நின்றதற்குக் காரணம் பல் டாக்டர்.

பல் டாக்டருக்கு ஆறு வயதானபோது வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருவர், இந்தக் குழந்தைக்கு நல்ல குரல் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு அது அன்று மாலையே மறந்திருக்கும். அவள் நாற்பத்திரண்டு வயது வரை அதைப் பத்திரமாக வைத்திருந்தாள். பல் பிடுங்கும்போதும் பாடுவாள். அவள் பாட்டை யாரும் குறை சொன்னதில்லை. கேட்டவர்களில் பெரும்பாலோர் வாயில் பஞ்சோடு மல்லாந்து கிடந்தார்கள். மன்றத்தில் சேர்ந்த இரண்டாம் மாதமே செயற்குழுவுக்கு வந்துவிட்டாள். மன்றத்தில் இருபத்தேழு பேர், அத்தனை பேரும் தன்னம்பிக்கை உள்ள பாடகிகள். விண்ணப்பத்திலேயே அப்படி ஒரு கட்டம் உண்டு. 'இல்லை' என்று குறியிட்டவர்களைச் சேர்ப்பதில்லை. கொளுத்துகிற வெயிலிலும் கழுத்தில் மஃப்ளர் சுற்றி, கையில் வெந்நீர்க் குடுவையோடு வருவார்கள். மைக்கை வாங்கியதும் ஒவ்வொருத்தியும், "இன்னிக்கு எனக்குத் தொண்டையே சரியில்ல" என்பாள். மற்ற இருபத்தாறு பேரும், "அதெல்லாம் ஒண்ணுமில்ல, பாடுங்க" என்பார்கள். இது முடியவே ஒரு மணி நேரம் ஆகிவிடும்.

தலைவி ஒரு பட்டியல் தயாரித்துப் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தாள்: தன்னம்பிக்கையுள்ள மகளிருக்கான சவாலான பாடல்கள், மொத்தம் இருபத்தொன்று. அதில் மூன்றாவது பாட்டில் மூச்சு விட இடமே கிடையாது. ஒரு உறுப்பினர் அதன் நடுவில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பன்னிரண்டாவது பாட்டு சளி பிடித்த ஆண்களுக்கே எட்டுகிற ஆழத்தில் ஆரம்பிக்கும். ஏழாவது பாட்டின் பெயரை யாரும் சொல்வதில்லை, 'மொட்டைமாடி' என்றால் போதும். முக்கால் பாட்டு படிப்படியாக ஏறி, கடைசியில் இசையெல்லாம் நின்றுவிடும். பன்னிரண்டு எண்ணும் வரை பாடுகிறவள் தன்னந்தனியாக ஒரே ஸ்வரத்தில் நிற்க வேண்டும். அதற்கு மேலே போக இடமில்லை, கைப்பிடிச் சுவரும் இல்லை. கரோக்கிக் கருவியில் ஒரு பொத்தானை அழுத்தினால் எந்தப் பாட்டின் சுருதியையும் இரண்டு கட்டை, மூன்று கட்டை இறக்கிக்கொள்ளலாம்; அவரவர் குரலுக்கு ஏற்றபடி பாடத்தான் அந்தப் பொத்தானை வைத்திருக்கிறார்கள். மன்றத்தில் அதற்குத் தடை ஒன்றும் இல்லை. ஆனால் இறக்கிப் பாடுகிறவள் பெயருக்குப் பக்கத்தில் தலைவி குறிப்பேட்டில் சின்னதாக ஒரு நட்சத்திரம் போடுவாள். அந்த நட்சத்திரத்துக்குப் பயந்து தொண்டையைப் புண்ணாக்கிக்கொண்டவர்கள் உண்டு.

தங்கை பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த ஊர்ப் பேருந்து எந்த நடைமேடையில் நிற்கிறது என்று அவள் சொன்னால், வாக்கியத்தின் கடைசியில் குரல் ஒரு துள்ளு துள்ளி மேலே போகும். உட்கார்ந்திருந்தவர்கள் தாமாகவே எழுந்து பையைத் தூக்குவார்கள். அக்காதான் அவளை மன்றத்தில் சேர்த்துவிட்டாள், தன் பாட்டுக்குக் கைதட்ட வீட்டு ஆள் ஒருத்தி இருக்கட்டும் என்று. ஆண்டு விழாவுக்கு இரண்டு மாதம் முன்பு தங்கை மொட்டைமாடியை எடுத்துக்கொண்டாள். அக்காவின் மருத்துவமனையில் எக்ஸ்ரே அறையின் சுவர் தடிமனானது, சத்தம் வெளியே போகாது என்று அங்கேதான் பழகினாள். ஒருநாள் மதியம் கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. இரண்டு கட்டை இறக்கி, கண்ணை மூடி, யாரும் கேட்கவில்லை என்ற நிம்மதியில் தங்கை பாடிக்கொண்டிருந்தாள். பல் டாக்டர் கையில் இடுக்கியோடு அப்படியே நின்றாள். இப்படித் தன்னால் எந்தக் கட்டையிலும் பாட முடியாது என்பது அவளுக்கு அந்த இடத்திலேயே தெரிந்துபோயிற்று. அன்று பல் பிடுங்க வந்தவர் வாயைத் திறந்தபடி இருபது நிமிடம் காத்திருந்தார்.

ஆண்டு விழா ஒரு சனிக்கிழமை பிற்பகல். தங்கை மேடையேறி, இரண்டு கட்டை இறக்கச் சொல்லி விரலைக் காட்டினாள். முன்வரிசையிலிருந்து பல் டாக்டர் எழுந்தாள்.

"எங்க வீட்டுப் பொண்ணு இறக்கிப் பாடுறதா? நல்லா இருக்கே! மேடம், நீங்க ஒரிஜினல்லயே போடுங்க."

அரங்கம் கைதட்டியது. தங்கை மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தாள். "அக்கா, சும்மா இருக்கா. எனக்கு அது எட்டாது."

"எட்டும்டி. எனக்குத் தெரியாதா உன்னை?"

வெளியே அது பெருமை. உள்ளே என்ன என்று சொன்னவளுக்குத் தெரியும். மேடையில் நின்றவளுக்கும் தெரிந்திருக்கலாம், ஒரு கணம் அக்காவையே பார்த்தாள். பிறகு பாடினாள். இசை நின்ற இடத்தில் ஸ்வரம் புறப்பட்டது. பிசிறில்லை, தவறில்லை, பன்னிரண்டு எண்ணி முடிந்தது. தங்கை வாயை மூடிவிட்டாள். ஸ்வரம் மூடவில்லை. விசிறிப் பக்கம் போய் நின்றுகொண்டது. மிச்ச இரண்டு வரியை அவள் அதன் கீழே நின்று பாடி முடித்து, மைக்கை வைத்துவிட்டு இறங்கி வந்தாள். பாட்டு முடிந்ததும் மதிப்பெண் காட்டுகிற கருவி, அது இன்னும் முடியவில்லை என்று நினைத்ததால் எதையும் காட்டவில்லை. மன்றம் வேறு கருவி வாங்கிவிட்டது. பழையது இன்றும் மூலையில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது.

முதல் வருடம் மன்றத்துக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்வரம் மன்றத்தின் சொத்து என்று தீர்மானம் போட்டார்கள். இசைப் பேராசிரியர் ஒருவர் வந்து, அரை மணி நேரம் கண்ணை மூடிக் கேட்டு, இது ஒரு ஸ்வரம் என்று எழுதிக் கொடுத்தார். அதைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். பிறகுதான் சிக்கல் தெரிந்தது. அந்த ஸ்வரத்தோடு ஒத்துப்போகிற பாட்டைத்தான் அங்கே பாட முடிந்தது. இருபத்தொன்று ஒன்பதாயிற்று. கூடவே, யார் எங்கே சுருதி விலகுகிறாள் என்பது பக்கத்திலேயே அளவுகோல் வைத்ததுபோலப் பளிச்சென்று கேட்டது. பதினோரு பேர் குடும்பச் சூழ்நிலை காரணமாக விலகினார்கள்.

தங்கையின் அறிவிப்புகளில் அந்தக் கடைசித் துள்ளல் இல்லாமல் போனது. பேருந்து புறப்படத் தயாராக உள்ளது என்று அவள் சொன்னால் துக்கச் செய்தி போல இருந்தது. பயணிகள் பேருந்தில் ஏறாமல் அவள் அறைக்கு வந்து, மனசைத் தேத்திக்கம்மா என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நிலையத்தார் அவளைத் தவறவிட்ட பொருள்களின் பிரிவுக்கு மாற்றினார்கள். அக்காவும் தங்கையும் பேச்சை நிறுத்தவில்லை. கத்தரிக்காயிலிருந்து கழுத்து வலி வரை பேசினார்கள், இதைத் தவிர. ஒரே ஒரு தடவை பல் டாக்டர் ஆரம்பித்தாள். "போனது போகட்டும் விடுக்கா" என்று தங்கை தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் குளியலறையில்கூட முணுமுணுத்து யாரும் கேட்டதில்லை.

ஒரே ரத்தம், தான் கூப்பிட்டால் ஸ்வரம் இறங்கி வரும் என்று பல் டாக்டர் நினைத்தாள். வாராவாரம் மேடையேறி மொட்டைமாடியைப் பாடினாள். வாராவாரம் ஸ்வரத்துக்குக் கொஞ்சம் கீழே அவள் குரல் உடைந்தது. முதலில் தொண்டை சரியில்லை என்று சொன்னாள்; இரண்டாம் வருடத்தில் அப்படிச் சொல்வதை நிறுத்தினாள்; மூன்றாம் வருடத்தில் மஃப்ளரைக் கழற்றினாள். நாலாம் வருடம், எல்லோர் முன்னாலும் இரண்டு கட்டை இறக்கிப் பாடினாள். தலைவி நட்சத்திரம் போட்டாள். ஸ்வரம் அசையவில்லை. அதன் பிறகு அவள் பாடவே இல்லை, வந்து உட்கார்ந்துவிட்டுப் போனாள். எக்ஸ்ரே அறைக் கதவுக்கு வெளியே நின்ற அந்த மதியத்தைத் தங்கையிடம் எப்படிச் சொல்வது என்று நோயாளிகளின் வாய்க்குள் பார்த்தபடி ஒத்திகை பார்ப்பாள்.

ஒன்பதாம் வருடம் ஒரு சனிக்கிழமை, பேருந்தில் அக்கா மறந்துவிட்டுப் போன கைப்பையை எடுத்துக்கொண்டு தங்கை அரங்கத்துக்கு வந்தாள். விழாவுக்குப் பிறகு அன்றுதான் முதல் தடவை. யாரும் பாடாத இடைவேளை. வாசலிலேயே நின்று தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"யாருக்கா பாடுறது?"

பல் டாக்டர் கைப்பையை வாங்கிக்கொண்டாள். "தெரியலையா?"

"தெரியலையே. நல்லாத்தான் பாடுறா." இன்னும் கொஞ்ச நேரம் கேட்டாள். "ஆனா பயந்துபோய்ப் பாடுறாக்கா. பாவம். யாராச்சும் பக்கத்துல போய் நின்னிருக்கலாம்."

வலியை மறைக்கிற முகங்களை இருபது வருடமாகப் பார்க்கிறவள் பல் டாக்டர். தங்கையின் முகத்தைத் துருவிப் பார்த்தாள். அவள் எதையும் மறைக்கவில்லை. உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை. வருடக்கணக்காக ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் வரிசையாக வந்து வாயில் நின்றன. யாருக்காகச் சேர்த்தாளோ அவளுக்கு இப்போது அவை தேவைப்படவில்லை.

"நின்னிருக்கலாம்" என்றாள்.

"சரி, பையில எல்லாம் இருக்கான்னு பாத்துக்கோ. நாலரை பஸ்ஸுக்கு நான் போகணும்."

அதற்கடுத்த சனிக்கிழமையிலிருந்து பல் டாக்டர் மன்றத்துக்கு வந்ததும் மேடைக்கு இடப்பக்கம் போய் ஸ்வரத்தின் அடியில் நின்றுகொள்கிறாள். பாடுவதில்லை, அண்ணாந்து பார்ப்பதும் இல்லை. அரங்கம் சாத்தும் வரை நிற்கிறாள். முதல் இரண்டு வாரம் ஏன் என்று கேட்டார்கள். கால் வலிக்குமே என்று ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். அவள் உட்காரவில்லை. இப்போது மற்றவர்கள் அதில் மஃப்ளரைக் கழற்றிப் போடுகிறார்கள்.