கேமராவுக்குப் பின்னால் வெண்டெல்

"இதுலயும் மூஞ்சி இல்லம்மா."

சோன்யா மடிக்கணினியில் அடுத்த படத்துக்குப் போனாள். அதிலும் டிராவர்ஸ் ஏரிக்கரை, அதிலும் அப்பா, அதிலும் முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் கேமரா. முந்தாநாள் விடிகாலை வெண்டெல் தூக்கத்திலேயே போய்விட்டார். நாளைக்கு லூத்தரன் கோயிலில் அடக்கம். ஜெபத்தாளின் முகப்பில் அச்சடிக்க நல்ல முகமாக ஒரே ஒரு படம் போதும் என்று சவ அடக்க நிலையத்துக்காரர் விடாமல் போன் செய்துகொண்டிருந்தார்.

"லைசென்ஸ்ல இருக்கறதக் குடுத்துடலாமா?"

"அதுல உங்கப்பா கோழி திருடி மாட்டிக்கிட்ட மாதிரி முழிக்கறாரு. வேணாம்."

சொல்லிவிட்டு மார்லிஸ் சிரித்தாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். ஆயிரக்கணக்கில் படம் எடுத்த வீடு. கூழைக்கடா, வாத்து, பனி, சரக்கு ரயில் என்று ஒன்று விடாமல் இருந்தது. கட்டின புருஷனின் வயதான முகம் மட்டும் இல்லை. நாளாக ஆக அந்த முகம் தன் நினைவிலிருந்தும் கலைந்துபோனால் எதைப் பார்த்துத் தேற்றிக்கொள்வது என்று பயந்து, படங்களை மறுபடி முதலிலிருந்து காட்டச் சொன்னாள்.

வெண்டெல் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவதை நிறுத்திய வருடம் இருவருக்கும் பேசவே ஒன்றும் இல்லாமல் போயிருந்தது. குளிர், மாத்திரை, மறுபடியும் குளிர். அப்போதுதான் ஒரே மாதிரி கேமரா இரண்டு வாங்கினார்கள். ஒன்று வாங்கினால் வீட்டில் அடிதடி நடக்கும் என்றார் வெண்டெல். பெட்டிகள் வந்த அன்று கத்தரிக்கோல் தேடக்கூடப் பொறுமையில்லாமல் வெண்ணெய்க் கத்தியால் கிழித்தார்கள். பேட்டரி சார்ஜ் ஏறுகிற விளக்கையே இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்ததில் அடுப்பில் உருளைக்கிழங்கு தீய்ந்துபோனது. விளக்கு பச்சைக்கு மாறியதும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து கேமராவைக் கண்ணில் வைத்தார்கள்.

"யோவ், அத இறக்கு. மூஞ்சி தெரியல."

"நீ மொதல்ல இறக்கு, கிழவி."

"நான்தான உன்ன எடுக்கறேன்!"

"யாரு சொன்னா? நான்தான் உன்ன எடுக்கறேன்!"

யாரும் இறக்கவில்லை. இரண்டு கேமராவும் ஒன்றாக க்ளிக் என்றன. அதற்கப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. எங்கே போனாலும் இந்தச் சண்டை முடிந்த பிறகுதான் பறவைகளின் முறை.

"எடுத்ததுக்கு அப்புறமாவது இறக்குவீங்களா?" என்றாள் சோன்யா.

"ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இறக்குவோம். உங்கப்பா பல்லெல்லாம் தெரியச் சிரிப்பாரு. 'படத்துல விழுந்தனா?'ம்பாரு."

சொல்லும்போதே மார்லிஸுக்கு உறைத்தது. அந்தச் சிரிப்பின்போது அவள் கேமராவும் மடிக்கு இறங்கியிருக்கும். அவள் வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும். படத்தில் விழாத அவ்வளவு சிரிப்பும் அவள் ஒருத்திக்கே கிடைத்திருக்கிறது. இதற்குமேல் என்ன கேட்பது என்று தோன்றியபோது, முந்தாநாளிலிருந்து வராத அழுகை தாராளமாக வந்தது. நன்றியில் வந்த அழுகை; அதை அவள் துடைக்கவில்லை.

"அந்த மொத நாள் படம் ரெண்டையும் அனுப்பு. பக்கத்துல பக்கத்துல போடச் சொல்லு."

"கேலி பண்ணுவாங்கம்மா."

"பண்ணட்டும்."

மறுநாள் கோயில் கூடத்தில் காப்பியும் பன்றிக்கறி வைத்த பன்னும் மணத்தன. பக்கத்துப் பண்ணை டெல்பர்ட் ஜெபத்தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "அட, வெண்டெலேதான்! நான் பாத்த மூஞ்சி இதுதான்யா!" என்று கூடமே திரும்பும்படி சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

சவப்பெட்டியை மூடுவதற்கு முன் குடும்பத்தை மட்டும் உள்ளே விட்டார்கள். சவ அடக்க நிலையத்துக்காரர் வெண்டெலைக் குறை சொல்ல முடியாதபடி அலங்கரித்திருந்தார். டை நேராக இருந்தது, முடி படிந்திருந்தது. ஆனாலும் ஏதோ சரியில்லை. மார்லிஸ் குனிந்து பார்த்தாள். படம் எடுக்கும்போது இடுக்கி இடுக்கி வெண்டெலின் இடது கண்ணோரம் மட்டும் கோடுகள் ஆழமாக விழுந்திருக்கும். பவுடரை அப்பி அந்த இடத்தை மொழுமொழுவென்று ஆக்கியிருந்தார்கள்.

"இப்பவாவது ஒண்ணு எடுத்துக்கம்மா." சோன்யா கேமராவை நீட்டினாள்.

"நீயே வச்சிரு."

மார்லிஸ் கைக்குட்டை முனையை நாக்கில் நனைத்து, பிள்ளையின் வாயைத் துடைப்பதுபோல அந்த இடத்தை மெதுவாகத் துடைத்தாள். கோடுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.