நோயில்லாதவன் குழி

அந்த ஒரு குழி மட்டும் மஞ்சளாகியிருக்கவே கூடாது.

தொழுநோய்க் கிருமியின் மேலுறையில் ஒரு கொழுப்பு உண்டு. நோயாளியின் மூத்திரத்தில் அது கசிந்து வந்திருந்தால் பரிசோதனைத் தட்டின் குழி மஞ்சளாகும். இல்லையென்றால் வெறும் தண்ணீர் மாதிரி கிடக்கும். ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாத ஒருவருடைய மூத்திரமும் தட்டில் இருந்தாக வேண்டும். லேப்காரர்களே முறை போட்டுக் கொடுப்பார்கள். இன்று அவள் முறை. மாதவிலக்கு நாள் என்பதால் காலையில் புருஷனிடம் டப்பாவை நீட்டினாள்.

“என் மூத்திரத்துக்கு இவ்ளோ மரியாதையா!” என்று மெக்கானிக்கான அவன் இளித்துக்கொண்டே கொடுத்துவிட்டான்.

அவனுடைய குழிதான் இப்போது அவளை முறைக்கிறது.

“பக்கத்துக் குழியிலேருந்து தெறிச்சிருக்கும்மா,” என்றார் கூட வேலை பார்க்கும் கண்ணாடி போட்ட அண்ணன். “தட்டைத் தூக்கிக் கடாசு. என்னோடத வச்சு மறுபடி பாத்துக்கலாம்.”

“ரெண்டையும் பாக்குறேண்ணே.”

“சொன்னாக் கேக்க மாட்டியே. யாரோடது அது?”

அவள் புதுத் தட்டை எடுத்தாள். அதில் அண்ணனுடையதை ஒரு ஓரத்திலும் புருஷனுடையதை மறு ஓரத்திலும் விட்டாள். கழுவினாள். நிறம் காட்டும் மருந்தை ஊற்றினாள். அண்ணனுடைய குழி அப்படியே கிடந்தது. மறு ஓரம் மெல்ல மஞ்சள் பிடித்தது.

அண்ணன் அவள் முகத்தைப் பார்த்தார். மறுபடி கேட்கவில்லை. “வீட்டுக்குப் போம்மா. மீதிய நான் பாத்துக்கிறேன்.”

சாயங்காலம் வீட்டில் புருஷன் குளித்துவிட்டு வந்ததும் சட்டை போட விடாமல் ஸ்டூலில் உட்கார வைத்தாள். தோள்பட்டைக்குக் கீழே வெளிறிய திட்டு. தேமல்தானே என்று இருவரும் விட்டிருந்தார்கள்.

“கண்ண மூடுங்க. பஞ்சால தொடுவேன், எங்கன்னு சொல்லணும்.”

“என்னடி புது விளையாட்டு?”

தொட்டாள். “கழுத்து.”

தொட்டாள். “கூசுதுடி! இடுப்பு.”

திட்டின்மேல் தொட்டாள். இன்னொரு தடவை தொட்டாள். பிறகு தேய்த்தே பார்த்தாள்.

“எங்க போயிட்ட? தொடு,” என்றான்.

அவள் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். மஞ்சள், மறுபடியும் மஞ்சள், டாக்டர் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்வார், நாளைக்கே போகணும், மாத்திரை இருக்கு, குணமாயிடும். அவன் கண்ணைத் திறக்காமலே கேட்டான். உதட்டில் சிரிப்பு இருந்த இடம் காலியாக இருந்தது. பிறகு எழுந்து, அவள் கையிலிருந்த பஞ்சைப் பிடுங்கிக்கொண்டான்.

“நீயும் என் கூடத்தானடி படுக்குற. திரும்பு.”

அவள் முதுகைக் காட்டி, கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.