முதல் வேட்டு வரைக்கும்

நாயின் கழுத்து மணி நின்றதும் மார்லிஸ் துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றினாள்.

மணி நின்றால் நாய் நின்றுவிட்டது. நாய் நின்றால் அதன் மூக்குக்கு நேரே, பனிக்கடியில், ஒரு ஃபெசன்ட் காட்டுக்கோழி பதுங்கிக் கிடக்கிறது. அப்பா பின்னால் போய்ப் பனியைக் காலால் உதைப்பார். பறவை கிளம்பும். அவர் சுடுவார். அவருக்குத் தப்பியது அவள் பக்கம் வரும்.

வேட்டுச் சத்தம் வரவில்லை.

அவள் நின்றது சதுப்பின் வடக்கு முனையில். எதிரே ஆள் மறையும் சம்புக் கோரை, பனிப்புயல் சாய்த்துப்போட்ட மாதிரியே கிடந்தது. அதற்குள்தான் அப்பா ஆர்லோவும் அவருடைய கிழட்டு நாய் டெஸ்ஸும் தெற்கிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தார்கள். கிழக்குக் கரையில் தம்பி கர்ட். அவனுடைய ஆரஞ்சுத் தொப்பி மட்டும் கோரைக்கு மேலே அவ்வப்போது தெரியும்.

அப்பாவை உள்ளே விட்டிருக்கவே கூடாது. போன அறுவடையின்போது அவர் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். காலையில் அம்மா ஆர்டிஸ் காப்பிப் பிளாஸ்க்கைக் கையில் கொடுத்து அவளிடம்தான் சொன்னாள். "உங்கப்பாவை முனையில நிறுத்து. நீ உள்ள போ. அந்த நெஞ்சு இந்தப் பனியைத் தாங்காது." சரி என்றுதான் அவளும் வந்தாள்.

பிக்கப்பை வயலோரம் நிறுத்தியதும் சொல்லவும் செய்தாள். "அப்பா, நான் உள்ள போறேன். நீ முனையில நில்லு."

"டெஸ் உன் பேச்சைக் கேக்குமா? உன் புருஷனே கேக்கறதில்ல."

கர்ட் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பனியில் நடக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதை அவள் எடுப்பதற்குள் ஆர்லோ கதவைத் திறந்துவிட்டார்.

கதவு திறந்தால் வாயை மூட வேண்டும். அந்தக் குடும்பத்தில் வேட்டை அப்படித்தான். சீசன் கடைசியில் மிஞ்சியிருக்கிற பறவைகள் இரண்டு மாசம் துப்பாக்கிக்குத் தப்பியவை. வண்டிக்கதவு அடிக்கும் சத்தத்துக்கே ஒரு சதுப்பு முழுக்கக் காலியாகிவிடும். அதனால் கதவைக்கூடச் சாத்தாமல் விட்டுவிட்டு, முதல் வேட்டு வரைக்கும் பேச்சு இல்லை, விசில் இல்லை. கர்ட் வாலிப வயதில் ஒருமுறை வழி தெரியாமல் 'அப்பா, இருக்கியா' என்று கத்திவிட்டான். நன்றித் திருநாள் விருந்து தோறும் ஆர்லோ அதைப் பரிமாறாமல் விடமாட்டார். "இருக்கேனான்னு கேட்டான். நான் இருந்தேன், கோழிதான் இல்ல."

ஆக அவர் கதவைத் திறந்தார், பேச்சு முடிந்தது. டாக்டர் சொன்னது வண்டிக்குள்ளேயே கிடந்தது.

இப்போது அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். காற்று அவள் முதுகிலிருந்து அவர்கள் பக்கம் அடித்தது. அங்கிருந்து மெல்லிய சத்தம் எதுவும் வந்து சேராது. கழுத்துத் துணியில் மூச்சு பட்டுப் பட்டு உறைந்து முரடாகிவிட்டது. துப்பாக்கியை இறக்கினாள். டெஸ் நிதானமான நாய், பறவை நகர்ந்தால் அதுவும் நகர்ந்து நகர்ந்து நிற்கும். இல்லாவிட்டால் அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறார். நிற்கட்டும், அதுவும் நல்லதுதானே என்று நினைத்தாள். அந்த நினைப்பு நெஞ்சில் தங்கவில்லை.

கிழக்கே ஆரஞ்சுத் தொப்பியும் நின்றிருந்தது. கர்ட் அவளைப் பார்த்து ஒரு கையைத் தூக்கினான். பொறு என்கிறான், அங்கிருந்து அவனுக்கு அப்பா தெரிகிறார் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டாள். அவளும் கையைத் தூக்கினாள்.

உள்ளே மணி ஒரு தடவை கிணுங்கியது. அப்பாடா என்றிருந்தது. பிறகு மறுபடியும் ஒன்றுமில்லை.

கூப்பிட்டால் என்ன? கூப்பிட்டு, அவர் நன்றாக இருந்துவிட்டால், சதுப்பு காலியாகிவிடும். சீசனின் கடைசி வேட்டை. அடுத்த விருந்தில் கர்ட்டின் கதைக்குப் பதில் அவள் கதை ஓடும். ஓடட்டுமே. வாயைத் திறந்தாள். மூடினாள். பிறந்ததிலிருந்து அடக்கிப் பழகிய தொண்டை. இரண்டு எட்டு முன்னால் வைத்தாள், பனி மொறுமொறுத்தது, அதற்கே பயந்து நின்றாள். இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று நின்றாள்.

பிறகு கத்தினாள். "அப்பா!"

சதுப்பு அப்படியே எழும்பியது. சேவலும் பெட்டையுமாக, கோரையைக் கிழித்துக்கொண்டு, நூறோ இருநூறோ, கரகரவென்று கத்திக்கொண்டு வானத்தை அடைத்தன. அவள் தலைக்கு மேலேயே போயின. அவள் சுடவில்லை. அப்பா சுடும் சத்தத்துக்காகக் காத்தாள். கண்ணுக்கு எதிரே இத்தனை சேவல் கிளம்பி ஆர்லோ சுடாமல் இருந்தது கிடையாது.

கடைசிப் பறவையும் மேட்டைத் தாண்டியது. வேட்டு இல்லை.

துப்பாக்கியைப் பனியில் போட்டுவிட்டு ஓடினாள். ஓட எங்கே விடுகிறது, ஒவ்வோர் எட்டுக்கும் இடுப்புவரை இறங்கி ஏற வேண்டியிருந்தது. கோரை முகத்தில் அடித்தது. கர்ட்டும் வந்து சேர்ந்தான்.

அவர் ஒருக்களித்துக் கிடந்தார், ஒரு கன்னம் பனிக்குள். டெஸ் அவர் முதுகோடு ஒட்டிப் படுத்திருந்தது. கர்ட் அவரைப் புரட்டிச் சட்டையைத் திறந்து நெஞ்சை அழுத்த ஆரம்பித்தான். மார்லிஸ் போனில் இடம் சொன்னாள், திரும்பத் திரும்பச் சொன்னாள். ஹ்யூரானிலிருந்து ஆம்புலன்ஸ் வரும்வரை இருவரும் மாறி மாறி அழுத்தினார்கள். உயிர் திரும்பவில்லை.

நடுவில் கர்ட் மூச்சிரைக்கச் சொன்னான். "நான் கை தூக்கினேனே. என்ன ஆச்சுன்னு கேக்கத்தான் தூக்கினேன்."

"பொறுன்னு சொல்றேன்னு நினைச்சேன்."

அவனை நகர்த்திவிட்டுத் தன் முறைக்கு அவள் அழுத்தினாள்.

ஆம்புலன்ஸோடு வந்த ஷெரீப்பின் ஆள் நல்ல மனுஷன். தொப்பியைக் கழற்றிக்கொண்டு, விழும்போதே போயிருப்பார், அவருக்கே தெரிந்திருக்காது என்றார். இருவரும் தலையாட்டினார்கள். உறைந்த ஏரியில் மீன்பிடிக்க இழுத்துப்போகும் பிளாஸ்டிக் சறுக்கில் ஆம்புலன்ஸ்காரர்கள் அவரைக் கிடத்தி, போர்வை சுற்றி, சாலைக்கு இழுத்துப் போனார்கள். நாய் பின்னாலேயே போனது.

அப்போதுதான் மார்லிஸ் அந்த இடத்தைப் பார்த்தாள். அவர் வாய் இருந்த இடத்தில் பனி உருகிக் குழிந்திருந்தது. முஷ்டி நுழையும் ஆழம். குழியின் சுவர் மறுபடி உறைந்து கண்ணாடி மாதிரி பளபளத்தது. மாடு வளர்க்கிற வீட்டில் இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புயலில் விழுந்த கன்று எவ்வளவு நேரம் உயிரோடு கிடந்தது என்பதை மூக்கடிக் குழியைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். ஒன்றிரண்டு மூச்சுக்கு இவ்வளவு குழியாது.

கர்ட்டும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாலையில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டது. பக்கத்துப் பண்ணை வெர்னா அம்மாவை அழைத்து வந்திருந்தாள். அம்மா சறுக்கின் அருகே ரொம்ப நேரம் குனிந்திருந்தாள். பிறகு, வேண்டாம் என்று வெர்னா பிடித்ததையும் உதறிவிட்டு, இழுத்துப்போன தடத்தில் கோரைக்குள் இறங்கினாள்.

கர்ட் மார்லிஸைப் பார்த்தான். பிறகு பூட்ஸை அந்தக் குழிக்குள் வைத்து அழுத்தினான். கண்ணாடி நொறுங்கியது. சுற்றியிருந்த பனியைத் தள்ளி மூடி மிதித்தான்.

அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். "இங்கயா?"

"இங்கதாம்மா."

"உடனே போயிட்டாராமே."

"ஆமாம்மா," என்றான் கர்ட்.

"கூப்பிட்டாரா?"

"இல்ல."

"கூப்பிட்டிருக்கமாட்டார்," என்றாள் அம்மா. "கோழி ஓடிடுமே."

நீ ஏன் உள்ளே போகவில்லை என்று மார்லிஸிடம் அவள் கேட்கவில்லை. கேட்பாள் என்று மார்லிஸ் காத்திருந்தாள். அம்மா கையுறையைக் கழற்றி, சாய்ந்திருந்த கோரைத் தட்டையை ஒதுக்கி, பனியில் அங்குமிங்கும் பார்த்தாள். கர்ட் காலை எடுக்கவில்லை. மார்லிஸ் நகர்ந்து போய் அவன் பூட்ஸுக்குப் பக்கத்தில் தன் பூட்ஸையும் வைத்து நின்றாள்.