பீப்பர் கணபதி

தயாளினியின் அப்பாவை நெடுங்கேணியில் எல்லோரும் ‘பீப்பர் கணபதி’ என்றுதான் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் அவளையும் ‘பீப்பர்’ என்று பகிடி பண்ணினார்கள். அப்பாவின் பெற்றோர் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். அதனால் அது அங்குள்ள ஏதோ தோட்டத்தின் பெயராக இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். அம்மா சிவலட்சுமியைக் கேட்டால், “அந்தக் கதையை விடு” என்பதோடு சரி. 2009இல், போரின் கடைசி நாட்களில், முள்ளிவாய்க்காலில் கஞ்சி வாங்கப் போன கணபதி திரும்பி வரவில்லை. அப்போது தயாளினிக்கு ஏழு வயது.

இப்போது இருபத்து மூன்று. கண்ணிவெடி அகற்றும் குழு ஒன்றில் வேலை செய்கிறாள். இந்த ஆனி மாதம் அவளுடைய குழுவை முள்ளிவாய்க்காலுக்குப் பக்கத்தில் பனை வடலிகள் நிறைந்த ஒரு காணிக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் காலை அவளுடைய டிடெக்டர் கத்தியது. முழங்காலில் இருந்துகொண்டு மணலைப் பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினாள். தடித்த பொலித்தீனில் சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டிய கறுப்புப் பெட்டி ஒன்று வந்தது. நெருப்புப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. முதுகில் துருப்பிடித்த கிளிப்.

குழுத் தலைவர் கனகலிங்கம் வந்து, வயர் எதுவும் இல்லை என்று உறுதி செய்தபிறகே அதைக் கையில் எடுத்தார். பிறகு சிரித்துவிட்டார்.

“எத்தினை வருசத்துக்குப் பிறகு காணுறன்! இது பீப்பர், பிள்ளை.”

அப்பாவின் இடுப்பில் எப்போதும் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது தயாளினிக்கு மங்கலாக நினைவு வந்தது. “பீப்பர் எண்டா ஒரு சாமானோ, சேர்?”

“பேஜர் எண்டதுதான் சரியான பேர். கொழும்பில நாங்கள் ஒருத்தரும் அப்பிடிச் சொல்லுறேல்ல. பீப், பீப் எண்டு கத்திறதால பீப்பர். ‘அவனுக்கு ஒரு பீப்பர் அடி’ எண்டா ஆளைக் கூப்பிடு எண்டு கருத்து. கூப்பிட்ட ஆளின்ர நம்பர் மட்டும் இதில விழும். ஃபோன் இருக்கிற இடத்துக்கு ஓடிப்போய்த்தான் பதில் சொல்லவேணும். இதால திருப்பிக் கதைக்கேலாது.”

பெட்டியை மதியச் சாப்பாட்டுக் கொட்டிலில் ஒரு தட்டில் வைத்தார்கள். டிடெக்டர்கள் எல்லாவற்றையும் நிறுத்திச் சாத்தி வைத்திருந்தார்கள். பன்னிரண்டு பேர் சோற்றுப் பார்சலை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் தட்டிலிருந்து சத்தம் வந்தது.

மூன்று தரம். மெல்லியதாக, தெளிவாக.

ஒருவரும் அசையவில்லை. கனகலிங்கம் எழுந்துபோய், பின்மூடியைக் கத்தி நுனியால் நெம்பித் திறந்தார். உள்ளே பற்றரி இல்லை. பச்சை பூத்த ஒரு சுருள் கம்பி மட்டும் இருந்தது. அவர் மூடியைத் திரும்பப் போடவில்லை. கையை நீள்காற்சட்டையில் பலதரம் துடைத்தார்.

தயாளினி தன் கைபேசியை எடுத்துப் பார்த்தாள். அம்மாவிடமிருந்து ஓர் அழைப்பு வந்து நின்றிருந்தது. திருப்பி எடுத்தாள்.

“பிள்ளை, நீ எங்க நிக்கிறாய்?” என்றாள் சிவலட்சுமி. “இப்ப குசினிக்குள்ள கொப்பாவின்ர பீப்பர் கத்தினது. மூண்டு தரம்.”

அம்மாவின் வாயிலிருந்து அந்தச் சொல்லைத் தயாளினி கேட்டது அதுதான் முதல் தடவை.

பெட்டி அப்பாவுடையதாக இருக்கலாம், அங்கே உடலும் கிடக்கலாம் என்று பொலிசுக்கு அறிவித்தார்கள். நீதிவானின் உத்தரவு வர ஒன்பது நாள் சென்றது. தோண்டும் நாளன்று சிவலட்சுமி இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தாள். வடலி நிழலில் இருந்தபோது மகளுக்குச் சொன்னாள்.

“கொழும்பு ஆஸ்பத்திரியொண்டில லிப்ட் திருத்திற வேலை அவருக்கு. லிப்டுக்குள்ள ஆரும் மாட்டினா இது கத்தும். சமாதான காலத்தில இஞ்ச வந்தபிறகும் இடுப்பில இருந்து கழட்டேல்ல. இஞ்ச வேலை செய்யாது எண்டு சனம் சிரிக்கும். கஞ்சிக்குப் போகேக்க இதைத் தட்டிக் காட்டி, ‘வெளிக்கிடுறதெண்டா கூப்பிடு, ஓடி வாறன்’ எண்டார்.” மணலைக் கையால் அளைந்தாள். “செல் குண்டு விழத் தொடங்கினவுடன உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினன். நான் கூப்பிடேல்ல, பிள்ளை. ஒருக்காக்கூடக் கூப்பிடேல்ல.”

தயாளினி அம்மாவின் முதுகைத் தடவினாள்.

பெட்டி கிடந்த இடத்திலிருந்து இரண்டடி தள்ளி எலும்புகள் தெரிந்தன. வேலை நின்றது. சிவலட்சுமி எழுந்து குழியைச் சுற்றிக் கட்டிய சிவப்பு நாடாவரைக்கும் போனாள். பொலிஸ்காரர் மறிக்கக் கை நீட்டினார். அவள் அவரைப் பார்க்கவேயில்லை.

“இஞ்சாருங்கோ!” என்று கூப்பிட்டாள். “இஞ்சாருங்கோ, நாங்கள் வெளிக்கிடப்போறம்!”

வடலி ஓலைகளின் சரசரப்பு நின்றது. கடல் இரைச்சல்கூட இல்லை. சிவலட்சுமி தலையைச் சரித்து, யாரோ சொல்வதைக் கேட்பதுபோல நெடுநேரம் நின்றாள். பிறகு, “ஓம், அவள்தான். வளந்திட்டாள்” என்றாள்.

தயாளினி அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கனகலிங்கம் தொப்பியைக் கழற்றிவிட்டு நிலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எலும்புகளைப் பொதிசெய்து பரிசோதனைக்குக் கொண்டுபோனார்கள். முடிவு இன்னும் வரவில்லை. சிவலட்சுமி அதற்காகக் காத்திருக்கவில்லை. அந்தக் கிழமையே ஐயரைக் கூப்பிட்டு, பதினாறு வருடமாகச் செய்ய மறுத்த இறுதிக் கிரியையைச் செய்வித்தாள்.

தயாளினியை வேறு காணிக்கு மாற்றட்டுமா என்று கனகலிங்கம் கேட்டார்.

“வேண்டாம், சேர். இதில இன்னும் நாற்பது மீற்றர் கிடக்கு” என்று சொல்லி, அவள் முகக்கவசத்தை இறக்கிக்கொண்டு முழங்காலில் இருந்தாள்.