கூடும் மேடம்

என் அக்கா வலிப்பு மாத்திரையை நிறுத்தியதற்குக் காரணம் நான்தான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

பதினொரு வருடம் எலும்பு ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் எலிகளோடு குப்பை கொட்டியவள் நான். கூடத்தை மூடிவிட்டார்கள். நாற்பத்திரண்டு வயதில், ஒரு செய்தித்தாளின் அறிவியல் பக்கத்தில் புதுமுகமாகப் போய் உட்கார்ந்தேன். என் மேசைக்கு ஒரு பக்கம் விளையாட்டுச் செய்தி, மறுபக்கம் வானிலை. முதல் கட்டுரையைப் படித்துவிட்டு ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

"மேடம், இதுல இருபத்தேழு 'கூடும்' இருக்கு. எண்ணிப் பாத்துட்டேன். ஏற்படக்கூடும், குறையக்கூடும், இருக்கக்கூடும். ஒரு இடத்துல 'ஆபத்து கூடும்'னு வேற போட்டிருக்கீங்க. அது ஏறும்னு அர்த்தமா, ஏறினாலும் ஏறலாம்னு அர்த்தமா?"

"ஏறும்னுதான் சார். இல்ல... ஏறக்கூடும்."

அறையே சிரித்தது. அன்றிலிருந்து எனக்குப் பெயர் 'கூடும் மேடம்'. "மேடம், டீ குடிக்கக்கூடுமா?" என்று கேட்டுவிட்டு விளையாட்டுச் செய்திக்காரர் தினமும் தானே சிரித்துக்கொள்வார். நானும் சிரித்து வைப்பேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும். ஆராய்ச்சிக்கூடத்தில் அந்தச் சொல்லை விட்டால் கட்டுரை திரும்பி வரும். இங்கே அதைப் போட்டால் திரும்பி வந்தது.

மூன்றாம் மாதம் ஒரு ஆய்வு கைக்கு வந்தது. ஒரு வகை வலிப்பு மாத்திரையை அளவுக்கு மீறிக் கொடுத்ததில் கிழட்டு எலிகளுக்கு எலும்பு தேய்ந்திருந்தது. என் சொந்தப் பாடம். மளமளவென்று எழுதினேன். 'இந்த மாத்திரை எலும்பைத் தேய்க்கக்கூடும்' என்று முதல் வரி வந்தது. யாரும் சொல்லவில்லை, நானே அந்த வாலை நறுக்கினேன். 'எலும்பைத் தேய்க்கும் வலிப்பு மாத்திரை' என்று தலைப்பும் வைத்தேன். எலிகளை மூன்றாவது பத்திக்குத் தள்ளினேன்.

அக்கா சாப்பிடுவதும் அந்த வகைதான். அது எனக்கு ஞாபகம் வராமல் இல்லை. 'எலிதானே' என்று நினைத்தேன். எலியிடமிருந்து மனிதனுக்கு எவ்வளவு தூரம் என்று பதினொரு வருடம் பார்த்தவளுக்குத் தெரியும். அக்காவுக்கு எப்படித் தெரியும்? அதை நினைக்கவே இல்லை.

ஆசிரியர் ஒரு எழுத்தைத் தொடவில்லை. "இப்பத்தான் மேடம் நீங்க பத்திரிகைக்காரங்க" என்றார். கட்டுரை வந்த அன்று அக்காவும் அழைத்தாள். "இதுக்கு முன்னாடி நீ எழுதினதெல்லாம் தலையும் புரியல, வாலும் புரியல. இந்தத் தடவ நல்லாப் புரிஞ்சுதுடி." சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

ஒன்பதாம் நாள் காலை, அலுவலகப் படி ஏறும்போது அத்தான் அழைத்தார்.

"அக்காவுக்கு வலிப்பு வந்துடுச்சும்மா. மாடிப்படியில விழுந்துட்டா. ஆஸ்பத்திரியில இருக்கோம்."

ஆறு வருடமாக எட்டிப் பார்க்காத வலிப்பு. "மாத்திரை போட்டாளா அத்தான்?"

"ஒரு வாரமா போடலையாம். எங்கிட்டகூடச் சொல்லல. கைப்பையில உன் கட்டுரைய மடிச்சு வச்சிருக்காம்மா."

ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் நின்று ஆசிரியரை அழைத்தேன். திருத்தம் போட வேண்டும் என்றேன்.

"என்ன மேடம் தப்பு? எலின்னு மூணாவது பத்தியில தெளிவா இருக்கே."

"எங்க அக்கா மூணாவது பத்தி வரைக்கும் போகல சார்." நடந்ததைச் சொன்னேன்.

"நாலு வரி எழுதி அனுப்புங்க. முதல் பக்கத்துலயே போடறேன்." நல்ல மனிதர். பழியை அவர் தலையில் போட முடிந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். மருத்துவரைக் கேட்காமல் யாரும் மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று சுவரில் சாய்ந்தபடி தட்டி அனுப்பினேன். 'மாத்திரை' என்ற சொல்லையே மூன்று முறை திருத்த வேண்டியிருந்தது.

உள்ளே அக்காவின் கன்னம் வீங்கியிருந்தது. வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. எலும்பு முறிந்துதான் இருந்தது; மாத்திரை சாப்பிட்டதால் அல்ல, சாப்பிடாததால். என்னைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தாள்.

"கோவிச்சுக்காதடி. டாக்டர் சொன்னாக்கூட நாலு பேர்கிட்ட விசாரிப்பேன். நீ எழுதினதுன்னா எதுக்கு விசாரிக்கணும்?"

"தப்பா எழுதிட்டேன்க்கா. அது எலிக்கு வந்தது. அதுக்கும் ஏகப்பட்ட மாத்திரை குடுத்துத்தான் வந்தது."

"தப்பாவா?" அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை. "நீயா?"

நர்ஸ் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து நீட்டினார். அக்கா மாத்திரையை இடது உள்ளங்கையில் வாங்கி அப்படியே வைத்திருந்தாள்.

"போடுக்கா. ஒண்ணும் ஆகாது. நான் சொல்றேன்ல?"

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னைத் தாண்டி நர்ஸைப் பார்த்தாள்.

"சிஸ்டர், நீங்க சொல்லுங்க. போடலாமா?"

"போடுங்கம்மா" என்றார் நர்ஸ். அக்கா உடனே போட்டுக்கொண்டாள்.