தட்டு சூடாகும் வரை

உள்ளங்கையைக் குழித்துக்கொண்டு முதுகில் தட்டினான். முதலில் கீழ் விலா, பிறகு மேலே, பிறகு பக்கவாட்டில். அவள் இரண்டு தலையணைகளின் மேல் குப்புறக் கிடந்தாள். தலை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. கீழே ஒரு நீலக் கிண்ணம். பல் துலக்குவதற்கு முன்பே இந்த வேலை. கல்யாணமான மறுநாளிலிருந்து எல்லாக் காலையும் இப்படித்தான்.

"நான் என்ன மெத்தையா? தூசி தட்டுற மாதிரி தட்டுறே" என்பாள் வழக்கமாக. இன்று சொல்லவில்லை.

சளி வரவில்லை. இருமினாள். மறுபடி தட்டினான். மறுபடி இருமினாள். கிண்ணம் காலியாகவே இருந்தது. முதுகு சுட்டது.

மற்றவர்களுக்கு இந்த வேலையைச் செய்ய மூச்சுக்குழாயின் உட்சுவர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் இருக்கின்றன. ஒரே திசையில் வளைந்து வளைந்து சளியை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். அவளுக்கும் இருந்தன. அசையவில்லை. கல்யாணத்துக்கு முன்பு ஒரு பேருந்து நிறுத்தத்தில் அவன் உள்ளங்கையில் விரலால் வரைந்து காட்டினாள்.

"ஒரு இழையக் குறுக்கால வெட்டிப் பாத்தா, சுத்தி ஒன்பது ஜோடிக் குழல். நடுவுல ரெண்டு. பக்கத்து ஜோடியப் பிடிச்சு இழுக்கக் குட்டிக் குட்டிக் கைங்க. எனக்கு அந்தக் கைங்க இல்ல. கருவுல எது இடம், எது வலம்னு சொல்றதும் இதே மாதிரி இழைங்கதான். சுழன்று சுழன்று சொல்லும். எனக்குச் சொல்லல. அதான் இதயம் வலது பக்கம் போயிடுச்சு. நல்லா யோசிச்சுக்கோ."

அவன் யோசிக்கவில்லை. பேருந்து வந்துவிட்டது.

விரல்நுனியில் மாட்டும் கருவி ஆக்ஸிஜன் எண்பத்தெட்டு என்று காட்டியது.

"எமர்ஜென்சிக்குப் போறோம்" என்றான்.

"போலாம். முதல்ல லேப்."

"விளையாடுறியா?"

"ஒரே பில்டிங்தானே. வண்டிய எடு."

பக்கத்து அறையில் குழந்தை தும்மியது. இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். பிறந்ததிலிருந்து அந்த மூக்கு ஒழுகுவது நிற்கவில்லை. சளி பிடிக்காத குழந்தை எங்க இருக்கு என்பார் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அவள் அம்மா. இவள் குழந்தையாக இருந்தபோதும் அதையேதான் சொல்லியிருந்தார்.

நேற்று மாலை மெல்லிய பிரஷ் ஒன்றை விட்டுக் குழந்தையின் மூக்கிலிருந்து கொஞ்சம் செல்களைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். அவள் வேலை பார்க்கும் லேபில் இன்று காலை அவற்றை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். இழைகள் அசைகின்றனவா, இல்லையா. அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலி ஒன்றை எடுத்து அவளை உட்காரவைத்தான். லேபில் கண்ணாடி சார் மட்டும் இருந்தார். அங்கே மூத்தவர் அவர்தான். அவர் உண்மைப் பெயர் இவனுக்குத் தெரியாது.

"ஏம்மா, இது ஒனக்கே நல்லாயிருக்கா? இப்படி மூச்சு வாங்குது. நான் பாக்க மாட்டேனா?"

"பாப்பீங்க சார். சொல்ல மாட்டீங்க."

அவர் பிரிட்ஜிலிருந்து குப்பியை எடுத்தார். ஒரு சொட்டு. மேலே மெல்லிய கண்ணாடி. குனிந்தார். பக்கத்துத் திரையில் படம் வந்தது. வரிசையாகச் செல்கள். அவற்றின் விளிம்பில் சீப்புப் பல் மாதிரி இழைகள்.

அசையவில்லை.

கண்ணாடி சார் சிலைடை நகர்த்தினார். இன்னொரு கொத்து. அதுவும் அசையவில்லை. யாரும் யாரையும் பார்க்கவில்லை. இனி இரண்டு முதுகு என்று நினைத்தான். ஒன்று ரொம்பச் சின்னது. அதில் உள்ளங்கை முழுதாகப் பதியாது, இரண்டு விரலால்தான் தட்ட வேண்டும்.

அவள் கையை நீட்டி, சிலைடு இருந்த உலோகத் தட்டைத் தொட்டாள்.

"சார். தட்டு ஜில்லுன்னு இருக்கு."

குளிரில் அந்த இழைகள் மரத்துப்போகும். உடம்புச் சூடு வேண்டும். லேபுக்குள் வந்ததும் யாராக இருந்தாலும் முதலில் போடுவது தட்டைச் சூடாக்கும் சுவிட்சைத்தான்.

"ஐயோ" என்றார் கண்ணாடி சார். "ஒன்னப் பாத்த பதட்டத்துல..." சுவிட்சைப் போட்டார். தட்டின் சூட்டைக் காட்டும் எண்கள் மெதுவாக ஏறத் தொடங்கின.

அவன் அவள் விரலில் இருந்த கருவியைப் பார்த்தான். எழுபத்தொன்பது. உதடு சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது.

"போலாம்."

"இரு. சூடாகட்டும்."

"அது சூடாகறதுக்குள்ள நீ..."

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்தான். நாற்காலியைத் திருப்பித் தள்ளினான். தாழ்வாரம் முழுக்க அவள் பேசவில்லை. கோபம் என்று நினைத்தான். கோபப்படுவதற்கும் மூச்சு வேண்டும் என்பது லிஃப்டில் இறங்கும்போதுதான் உறைத்தது.

எமர்ஜென்சியில் நர்ஸ் அவள் இடது மார்பில் இசிஜி ஒட்டுகளை ஒட்டினாள்.

"இதயம் வலது பக்கம் இருக்கு" என்றான்.

"யாருக்கு?"

"அவளுக்கு."

நர்ஸ் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். ஆக்ஸிஜன் முகமூடியோடு படுத்திருந்தவள் கையைத் தூக்கி வலது பக்கத்தைத் தட்டிக் காட்டினாள். ஒட்டுகள் இடம் மாறின.

தொண்டையில் குழாய் போட வேண்டும் என்றார் டாக்டர். "ஏதாவது பேசணும்னா இப்பவே பேசிடுங்க" என்று சொல்லிவிட்டுத் திரைக்கு அந்தப் பக்கம் போனார். அவள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. கண்ணாடி சார் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். கூட ஒரு வார்த்தை இல்லை. திறக்காமல் வைத்துவிடலாம் என்று நினைத்தான். அவள் அதற்குள் கையை நீட்டிவிட்டாள்.

அழுத்தினான்.

விளிம்பு முழுக்க அசைந்துகொண்டிருந்தது. ஒன்றன் பின் ஒன்றாக, எல்லாம் ஒரே பக்கமாக. பக்கத்தில் மிதந்த ஒரு தூசியை அவை தள்ளிக்கொண்டே போயின. அவள் போனைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். முடிந்ததும் மறுபடி ஓடவிட்டாள். இன்னொரு கையின் ஆள்காட்டி விரல் கட்டில் கம்பியில் வேகவேகமாகத் தட்டிக்கொண்டிருந்தது. முகமூடியைக் கொஞ்சம் விலக்கி ஏதோ சொன்னாள். அவன் குனிந்து கேட்டுக்கொண்டான். டாக்டர் வந்து அவனை வெளியே போகச் சொன்னார்.

சாயங்காலம் கூப்பிட்டுச் சொன்னார்கள்.

மறுநாள் எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, அவள் அம்மா தூங்கும் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கடைசியா என்னப்பா சொன்னா? என்னக் கேட்டாளா?"

"கேட்டா அத்தை. பாப்பாவ நீங்கதான் பாத்துக்கணும்னு சொன்னா."

"அத எங்கிட்ட சொல்லணுமா அவ?" என்றார். அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. குழந்தையின் மூக்கைத் துடைத்துவிட்டுத் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவள் சொன்னது: "ஃபோகஸ் சரியில்ல. இன்னும் கொஞ்சம் கீழ எறக்கச் சொல்லு."